‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ மேல் பழி போட்டுக் காசு பிடுங்கும் பிரஸ்: மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் டிசைன் செய்து ஆஃப்செட் அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பிரஸ் பெயரைப் போடவில்லை. பணத்தகராறு இன்னும் முடியவில்லை, அதனால்தான். மற்றபடி இரக்கம் எல்லாம் ஒன்றும் இல்லை.

என் சித்தி மஹால் பக்கம் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறார். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு கேட்லாக் வேண்டும் என்றார். ஏ4 அளவு, மூன்று மடிப்பு, இரண்டு பக்கமும் கலர், 1,000 பிரதி. சுங்குடிப் புள்ளிகளையும் பார்டரையும் இங்க்ஸ்கேப்பில் வரைந்தேன். நகருக்குள் இருக்கும் ஒரு பிரஸ்ஸில் 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 170 கிராம்) ஆர்ட் பேப்பர் என்று பேசி, பாதிக்கு மேல் அட்வான்ஸ் கொடுத்தோம். பில் கேட்டதற்கு, “டெலிவரி அப்போ தர்றேன் தம்பி” என்றார் முதலாளி. டெலிவரியில் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கட்டிய பண்டல்களாகக் கொடுத்தார். பில் மட்டும் வரவில்லை.

வீட்டில் வந்து பிரித்தால், கிளிப்பச்சை பாசி பிடித்த பச்சையாக இருக்கிறது. அரக்கு காவியாகிவிட்டது. விலைப்பட்டியலில் சின்ன எழுத்துகள் எல்லாம் மங்கல், ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்த மாதிரி. சித்தி ஒன்றும் பேசவில்லை. சேலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு முதலாளி சொன்னது: “இலவச சாஃப்ட்வேர்ல பண்ணா கலர் இப்படித்தான் தம்பி வரும். கோரல்ல பண்ணியிருக்கணும். நம்ம பையனை வச்சுத் திருத்தித் தர்றேன். கலர் கரெக்‌ஷனுக்கு 1,800, பிளேட்டுக்குத் தனி.”

கோரல் என்றால் கோரல்டிரா, காசு கொடுத்து வாங்கும் டிசைன் மென்பொருள். பிளேட் என்றால் அச்சுத் தகடு, மைக்கு ஒன்று. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் பல பேர் வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுத்துவிடுகிறார்கள். இங்க்ஸ்கேப் கோப்பு எஸ்விஜி வகை. அதன் இயல்பான நிறம் எஸ்ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்ஜிபி) கலந்து வரும் திரைக்கான நிறம். கலர் பெட்டியில் சிஎம்ஒய்கே ஸ்லைடர் இருக்கும். சியான் (வெளிர்நீலம்), மெஜந்தா (ஊதாச்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்று அச்சில் ஏறும் நாலு மைதான் சிஎம்ஒய்கே. அதில் கறுப்பை 100 வைத்தாலும் சேமிக்கும்போது அது ஆர்ஜிபி கறுப்பாகத்தான் போகும். பிடிஎஃப் எடுத்தாலும் அதே கதை. அந்த பிடிஎஃப்பை அப்படியே கொடுத்தால் பிளேட் போடுகிற இடத்தில் அது நாலு கலராகப் பிரியும். கறுப்பு எழுத்திலும் நாலு மையும் ஏறும். மெஷினில் ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து மங்கிவிடும்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அப்படிக் கொடுக்கவில்லை. வரைந்ததை பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6-க்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு நிறத்தையும் அங்கே சிஎம்ஒய்கே ஆக்கினேன். கிளிப்பச்சைக்கு சியான் 60, மஞ்சள் 100, வேறு மை இல்லை. சேலையின் பளிச் முழுதாக அச்சில் வராது என்று ஃபோக்ரா39 ப்ரொஃபைல் (ஆர்ட் பேப்பர் ஆஃப்செட்டில் நிறம் எப்படி வரும் என்று காட்டுவது) வைத்துத் திரையிலேயே சித்திக்குக் காட்டி, அவர் சரி சொன்ன நிறம் அது. எழுத்துகளை ஸ்கிரைபஸிலேயே வெறும் கறுப்பு மையில் அடித்தேன். அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ ஆக எடுத்தேன். அந்த வகையில் சிஎம்ஒய்கேயும் ஸ்பாட் கலரும் (தனியாகக் கலந்த மை) தவிர வேறு நிறம் இருக்கவே முடியாது, எழுத்துருவும் உள்ளேயே பதிந்திருக்கும். பிளேட் போடுகிறவர் கை வைக்க அதில் ஒன்றுமே இல்லை.

அப்புறம் எங்கே கெட்டது? இந்த பிரஸ்ஸில் பிளேட் போடும் வசதி கிடையாது, வெளியே சிடிபி சென்டருக்கு (கணினிக் கோப்பிலிருந்து நேராகப் பிளேட் போடும் இடம்) அனுப்புகிறார்கள். அங்கே போய், பிளேட்டுக்கு வந்த கோப்பைக் கேட்டேன். அந்த அண்ணன் எந்தப் பக்கமும் பேசாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், உருவாக்கிய மென்பொருள் என்ற இடத்தில் ஸ்கிரைபஸ் இல்லை, கோரல்டிரா இருக்கிறது. என் பிடிஎஃப்பை கோரலில் திறந்து, ஆர்ஜிபிக்கு மாற்றி, திரும்ப ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். பழக்கதோஷம். பக்கங்களை ஷீட்டில் அடுக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

சந்தேகம் இருந்தால் நீங்களும் சோதிக்கலாம். பிடிஎஃப்பைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருள் இலவசம்தான். அதில் இங்க்கவ் (inkcov) என்ற டிவைஸைக் கொடுத்து பிடிஎஃப்பை ஓட்டினால் பக்கத்துக்குப் பக்கம் நாலு மையின் அளவையும் எண்ணாகக் காட்டும். கறுப்பு எழுத்து மட்டும் உள்ள பக்கத்தில் முதல் மூன்று எண்ணும் பூச்சியமாக இருக்க வேண்டும். விலைப்பட்டியலைத் தனியாகப் பிரித்து ஓட்டினேன். என் கோப்பில் பூச்சியம், அவர்கள் கோப்பில் நாலிலும் எண் இருந்தது. கிளிப்பச்சையில் மெஜந்தா கலந்திருந்தது. பச்சைக்குள் மெஜந்தா போனால் பாசி நிறம் வராமல் என்ன செய்யும்? கணினி வேண்டாம் என்றால் ஒரு லென்ஸ் போதும். கறுப்பு எழுத்தைச் சுற்றிக் கலர் புள்ளி தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

இன்னொன்று. ஆரம்பத்தில் “சாம்பிள்” என்று காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அது என் பிடிஎஃப்பிலிருந்து டிஜிட்டல் மெஷினில் எடுத்தது, நிறமெல்லாம் சரியாகவே இருந்தது. பிளேட்டுக்குப் போனது வேறு கோப்பு. சாம்பிள் ஓகே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது குறை சொல்கிறோமாம்!

பேப்பரிலும் கை வைத்திருக்கிறார்கள். ஏ4 தாள் 170 ஜிஎஸ்எம் என்றால் பத்துத் தாள் சுமார் 106 கிராம் இருக்க வேண்டும். தெற்காவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தோம். 81 சொச்சம். அது 130 ஜிஎஸ்எம் கணக்கு.

எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தபோது முதலாளி கோப்பைப் பார்க்கவே இல்லை. “எங்ககிட்ட முப்பது வருஷமா கோரல்தான்” என்றார். 1,800-ஐ வேண்டுமானால் 1,000 ஆக்கித் தருகிறாராம். நாங்கள் கொடுக்கவில்லை. அதே எக்ஸ்-1ஏ கோப்பை சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்குக் கொடுத்தோம். ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் அடித்தார்கள். பச்சை பச்சையாகவே வந்தது.

இப்போதெல்லாம் ஆர்டர் கொடுக்கும்போது வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டுவிடுகிறேன்: கோப்பைக் கோரலில் திறக்கக் கூடாது, பிளேட்டுக்குப் போகும் பிடிஎஃப்பை எனக்கு அனுப்பிய பிறகே பிளேட். “அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்று பதில் வந்தால் அடுத்த கடை.

பழைய பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. சொந்தப் பிழைப்புக்காக நடத்தும் சுயதொழில் என்றால் வணிகம் என்று தள்ளிவிட முடியாது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. பில் இல்லை, ஆனால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, இரண்டு பிடிஎஃப், பிரிக்காத ஒரு பண்டல் இருக்கிறது. இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால், பிளேட் கோப்பை சிடிபி சென்டரில் அழிப்பதற்கு முன்னால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.