மைன்கிராஃப்ட் சர்வர் ஹோஸ்டிங்: பிங் ஓகே, பில்லுதான் ஷாக்

பேரு வேணாம், நம்ம சென்னை ஹோஸ்டிங் கம்பெனி ஒண்ணு, வேளச்சேரி பசங்க நாலு பேரு காசு போட்டு மைன்கிராஃப்ட் கேம சொந்த சர்வர்ல ஆட 8 ஜிபி ரேம் பிளான் எடுத்தோம். பிங் (சர்வர் பதில் திரும்பி வர்ற நேரம்) சூப்பர், அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா போட்ட ரேட்டு வேற வந்த பில்லு வேற, 18% ஜிஎஸ்டிய கடைசி பேஜ்லதான் காட்டுறான், பேக்கப்புக்கு தனி சார்ஜாம்! ரேம் ரேம்னு கூவுறாங்களே தவிர என்ன சிபியுன்னு கேட்டா பதில் இல்ல, மைன்கிராஃப்ட் மெயினா ஒரே கோர்லதான் ஓடும், அது ஸ்லோவா இருந்தா 16 ஜிபி போட்டாலும் டிபிஎஸ் (சர்வர் ஒரு செகண்டுக்கு கேம எத்தன தடவ அப்டேட் பண்ணுதுங்கற கணக்கு) 20ல நிக்காது. சாயங்காலம் கூட்டம் சேர்ந்தா கோழிய அடிச்சா ரெண்டு செகண்ட் கழிச்சுதான் கத்துது.

நம்ம சர்வருக்கு ஆள் சேர்க்க ப்ரொமோஷன் பேக்கேஜ்னு ஒண்ணு தள்ளிவிடுவாங்க, தொடாதீங்க. அந்த காச நம்ம சர்வர பத்தி வீடியோ போடச் சொல்லி சின்ன தமிழ் யூட்யூபர் யாருக்காவது குடுங்க, அதுக்கு முன்னாடி கெய்சர் பிளக்இன் (மொபைல் மைன்கிராஃப்ட்காரங்களையும் பிசி சர்வருக்குள்ள விடுறது) போட்டுடுங்க, நம்ம பசங்க நிறைய பேரு மொபைல்லதான் ஆடுறாங்க (அவங்க உள்ள வர்ற வழியான 19132 யுடிபி போர்ட்ட சப்போர்ட்ல கேட்டுதான் திறக்கணும்). ஆடுறவங்களுக்கு ரேங்க் (சர்வர்ல ஸ்பெஷல் அந்தஸ்து) வித்து போட்டத எடுத்துரலாம்னு கணக்கு போடாதீங்க, ஆட்டத்துல பவர் தர்ற ஐட்டத்த காசுக்கு விக்க மைன்கிராஃப்ட் கம்பெனி மொஜாங் ரூல்ஸ்ல இடமில்ல.

ராத்திரிலயும் சப்போர்ட் டிக்கெட்டுக்கு (நாம அனுப்புற புகாருக்கு) ரிப்ளை வருது, அதுக்காக 3 ஸ்டார். வருஷ பிளான் மட்டும் வேணாம், மாசாமாசம் கட்டுங்க.