இஸட்-ஓ-1 ஆன்டிபாடியுடன் நான்கு ஆண்டுகள்

பினாங்கில் குடல் உயிரணுப் படலங்களை வளர்த்து ஆராயும் சிறிய ஆய்வகம் ஒன்றில், இஸட்-ஓ-1 என்ற புரதத்தைக் கண்டறிந்து ஒட்டும், முயலிலிருந்து பெறப்பட்ட பாலிகுளோனல் ஆன்டிபாடியை (ஒரே புரதத்தின் பல இடங்களில் ஒட்டும் ஆன்டிபாடிகளின் கலவை) நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1986இல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இப்புரதம், அண்டை உயிரணுக்களை நெருக்கிப் பிணைக்கும் இறுக்கச் சந்திப்பின் உட்புறத்தில் அமர்ந்து, ஆக்லுடின், கிளாடின் ஆகிய சவ்வுப் புரதங்களை ஆக்டின் இழைகளோடு இணைக்கிறது.

ஒளிர்வு நுண்ணோக்கியைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை. 21 நாள் வளர்த்த காகோ-2 என்னும் மனிதக் குடல் உயிரணுப் படலத்தை மைனஸ் 20 பாகை மெத்தனாலில் பத்து நிமிடம் வைத்து, 1:100 என நீர்த்த ஆன்டிபாடியை இட்டால், விரித்த வலையின் கண்களைப் போல ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் மெல்லிய கோடு அறுபடாமல் தெரியும். மெத்தனாலுக்குப் பதிலாகப் பாராஃபார்மால்டிஹைடைக் கொண்டு உயிரணுக்களை நிலைப்படுத்தியபோது கோடுகள் மங்கின. புரதம் சவ்வின் உட்புறத்தில் இருப்பதால், டிரைட்டான் என்னும் சோப்புப் போன்ற பொருளைக் கொண்டு சவ்வைப் போதிய அளவு திறக்காவிட்டால் ஆன்டிபாடி உள்ளே செல்லாது என்பதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. முயல் ஆன்டிபாடி என்பதால், எலியிலிருந்து பெற்ற ஆக்லுடின் ஆன்டிபாடியோடு ஒரே தட்டில் இரு நிறங்களில் பார்க்க முடிவது கூடுதல் வசதி.

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஒரு தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாகக் காணும் வெஸ்டர்ன் பிளாட் முறையில்தான் என் பொறுமை சோதிக்கப்பட்டது. முதல் ஆறு மாதங்கள் பட்டை எதுவும் தெரியவில்லை. குப்பியையே குறை சொல்லி, மாற்றித் தரும்படி விற்பனையாளருக்குக் கடிதமும் எழுதினேன். அடுத்த மேசையில் பணிபுரியும் மூத்த ஆய்வாளர், நாங்கள் அக்கா என்றழைப்பவர், "தம்பி, பான்சோ சாயமிட்டுப் பார்த்தீர்களா? 150க்கு மேலே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். தாளுக்கு மாறிய எல்லாப் புரதங்களையும் காட்டும் சாயம் அது; 150 என்றது கிலோடால்டன் எடையை. பார்த்தேன், ஒன்றுமே இல்லை. ஏறத்தாழ 220 கிலோடால்டன் எடையுள்ள புரதம் ஜெல்லை விட்டு வெளியேறவே இல்லை. 6 விழுக்காட்டு ஜெல்லுக்கு மாறி, மெத்தனாலை 10 விழுக்காடாகக் குறைத்து, குளிரறையில் 30 வோல்ட்டில் இரவு முழுவதும் மாற்றிய பிறகு பட்டை தெளிவாக வந்தது. நான் எழுதிய கடிதத்தை எண்ணினால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அருகருகே இரண்டு பட்டைகள் தெரிந்தால் அதைச் சிதைவு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இஸட்-ஓ-1இல் ஆல்ஃபா பகுதியாகிய 80 அமினோ அமிலங்கள் உள்ள வடிவமும் இல்லாத வடிவமும் உண்டு.

ஆனால் மூன்றாவது குப்பியில் பிழை எங்களுடையது அன்று. தயாரிப்புத் தொகுதி எண் மாறியிருந்த அக்குப்பியில் கோடுகளோடு உயிரணுவின் உட்கருவும் ஒளிர்ந்தது. இன்னும் நெருங்கி வளராத உயிரணுக்களில் இஸட்-ஓ-1 கருவிலும் காணப்படுவதாக 1996இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுவதால், அதை உடனே பிழை என்று தள்ளவும் இயலவில்லை. குறிப்பிட்ட புரதம் உருவாவதைத் தடுக்கும் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ கொண்டு இஸட்-ஓ-1ஐக் குறைத்தபோது கோடுகள் மறைந்தன, கருவின் ஒளி மட்டும் அப்படியே நின்றது. ஆகவே அது வேறெதிலோ ஒட்டிய ஒளிதான். பாலிகுளோனல் ஆன்டிபாடி வாங்குவோர் தொகுதி மாறும்போதெல்லாம் இச்சோதனையைத் தவிர்க்கக் கூடாது. பழைய குப்பியில் ஐந்து மைக்ரோலிட்டரை ஒப்பீட்டிற்கென எடுத்து வைத்திருந்ததே எங்களைக் காப்பாற்றியது.

ஆன்டிபாடியைப் பாதுகாத்து வைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை பொதி தைப்பூச விடுமுறைக்கு முதல் நாள் மாலை வந்து, வரவேற்பறையில் மூன்று நாள் கிடந்தது. பனிக்கட்டிப் பைகள் கரைந்துபோயிருந்தன. ஆன்டிபாடி வேலை செய்யத்தான் செய்தது, ஆனாலும் தைப்பூசம், தீபாவளி வாரங்களில் இப்போது கொள்முதல் ஆணை அனுப்புவதில்லை. வந்தவுடன் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து, தானாகப் பனி நீக்கும் உறைபெட்டியைத் தவிர்த்து வைக்கிறோம்; வெப்பம் ஏறி இறங்கும் அந்தப் பெட்டி நீண்டகால இருப்புக்கு ஏற்றதன்று.

பாராஃபின் மெழுகில் பதித்து வெட்டிய திசுத் துண்டுகளில் மட்டும் எங்களுக்கு நம்பத்தக்க முடிவு கிடைக்கவில்லை. அந்தப் பணிக்கு புரதத்தின் ஒரே இடத்தில் மட்டும் ஒட்டும் வேறொரு மோனோகுளோனல் ஆன்டிபாடியை வாங்கியிருக்கிறோம். உயிரணுப் படலங்களுக்கு இதே ஆன்டிபாடியின் ஐந்தாவது குப்பிக்குச் சென்ற வாரம் ஆணை அனுப்பினேன்.