இருள் நெபுலா பார்க்க 10×50 பைனாகுலர்: நான்கு ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

பெங்களூரு மொட்டைமாடியிலிருந்து இருள் நெபுலா தெரியாது. அல்சூரானாலும் ஜெயநகரானாலும் இதே கதைதான். பின்னாலிருக்கும் பால்வீதியின் வெளிச்சத்தை முன்னால் நிற்கும் தூசு மறைக்கிறது, அந்த மறைப்பைத்தான் பார்க்கிறோம். நகரத்தில் மறைபட வேண்டிய வெளிச்சமே இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிப் பக்கம் போனால் நகரத்து ஒளி வடக்கே நின்றுவிடும். தனுசும் விருச்சிகமும் இருக்கிற தெற்கு வானம் கறுப்பாகக் கிடைக்கும். யானை நடமாட்டம் உள்ள பகுதி அது. சாலையோரத்தில் நிற்காமல் தெரிந்தவர் தோட்டத்துக்குள் இடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கருவியில் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ் அளவல்ல, பார்வைப் பரப்பு. கறுப்பைச் சுற்றி வெளிச்சமும் சேர்ந்து தெரிந்தால்தான் கறுப்பு கறுப்பாகப் படும். 10×50-இல் (10 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. லென்ஸ்) சுமார் 6.5 பாகை கிடைக்கும். 15×70 சுமார் 4.4 பாகைதான் காட்டும். எடையும் கூடுதல், ட்ரைபாட் இல்லாமல் கை நடுங்கும். சிறிய பொருள்களுக்கு 15×70 சிறந்தது, மற்ற எல்லாவற்றுக்கும் 10×50 போதும். நெபுலா ஃபில்டருக்குச் செலவழிக்க வேண்டாம். இங்கே பின்னணி விண்மீன் ஒளி. ஃபில்டர் அதையே வெட்டிவிடும். குதிரைத்தலை எனப்படும் பி33 மட்டும் விலக்கு ('பி' என்பது பர்னார்ட் பட்டியலின் எண்). அதன் பின்னால் ஹைட்ரஜன் ஒளிர்வதால் அந்த ஒளியை மட்டும் விடும் எச்-பீட்டா ஃபில்டர் உதவும், ஆனால் அது பெரிய டெலஸ்கோப்புக்கான வேலை.

தொடங்குவதற்குச் சரியான இடம் திருவோணம் (ஆல்டேர் விண்மீனும் அதன் இருபுறத்து மீன்களும்). அதன் மூன்று மீன்களில் வடக்கே இருப்பது டராசெட். அதற்கு மேற்கே சுமார் ஒன்றரை பாகை தள்ளி, ஏறத்தாழ முழுநிலா அகலத்துக்கு பி142, பி143 இரண்டும் சேர்ந்து ஆங்கில 'ஈ' எழுத்துப் போலத் தெரியும். பெங்களூரு அட்சரேகையில் இது உச்சிக்கு மூன்று பாகைக்குள் வந்துவிடும். அங்கே ட்ரைபாட் உதவாது. சாய்வு நாற்காலியில் படுத்து முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். தனுசில் எம்24 விண்மீன் மேகத்தின் வடமேற்கு ஓரத்தில் உள்ள பி92 மை சொட்டியது போலப் பளிச்சென்று தெரியும். ஒஃபியூகஸ் விண்மீன் கூட்டத்திலுள்ள குழாய் நெபுலா ஏறக்குறைய 7 பாகை நீளம், பைனாகுலரில் அடங்காது; வெறுங்கண்ணுக்கே அழகு. பி72 பாம்பும், என்ஜிசி 6520 கொத்தை ஒட்டிய பி86-உம் 8 அங்குல டெலஸ்கோப் கேட்கும். தெற்கே திரிசங்குவை (தென்சிலுவையை) ஒட்டிய கரிமூட்டை என்ற இருள் நெபுலா இங்கிருந்து சுமார் 15 பாகைக்கு மேல் ஏறாது; தொடுவானப் புகையிலேயே பாதி கரைந்துவிடும்.

பால்வீதியின் நடுப்பகுதி மாலையில் உயரும் மாதங்களை மழை எடுத்துக்கொள்கிறது. அதனால் ஏப்ரல் நடுவில், அமாவாசையை ஒட்டி, பின்னிரவு 3 முதல் 4.30 வரைதான் நம் பருவம், 4.50 வாக்கில் வானம் வெளுக்கத் தொடங்கிவிடும்.

நான்கு ஆண்டில் கருவிக்கு வந்த கோளாறுகளில் முதலாவது பூஞ்சை. மழைக்காலத்தில் ப்ரிஸத்தில் நூல்நூலாகப் படரும். விண்மீன்கள் அப்போதும் கூர்மையாகவே தெரிவதால் சந்தேகம் வராது. கருமை மட்டும் வெளிறிப்போகும். மற்ற பார்வையாளர்களுக்கு முன்பே நமக்கு இந்த நோய் தெரிந்துவிடும்! காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். நிறம் மாறியதும் அதை வாணலியில் மெதுவாக வறுத்துத் திரும்பப் போடலாம். இரண்டாவது, பைக் பயணத்தில் வேகத்தடை அதிர்ந்து இரு குழல்களும் விலகுவது. ஒரு பிரகாசமான மீனைப் பிடித்து ஒரு குழலை மட்டும் ஃபோகஸ் கலைத்தால் அது வட்டமாக விரியும். மறு குழலின் புள்ளி அந்த வட்டத்தின் நடுவில் உட்கார வேண்டும். மேலும் கீழுமாக விலகினால் கண் தாங்காது, பழுதுபார்க்கக் கொடுத்துவிடுங்கள். பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டும் எல் வடிவத் தாங்கியின் திருகு தளர்வதற்கு ஒரு ரப்பர் வாஷர் போதும்.

பார்த்ததை எழுதிவைக்கும் பதிவேட்டுக்கு வருவோம்; அதற்கு முன் எதைத் தேடுவது என்று சொல்லும் பட்டியல்கள். வானியலாளர் பர்னார்டின் 1919 பட்டியலில் 182 இருள் பொருள்கள். அவர் மறைவுக்குப் பின் 1927-இல் வந்த அட்லஸில் 349. வானியலாளர் பெவர்லி லிண்ட்ஸ் 1962-இல் பாலோமர் வானாய்வகத்தின் புகைப்படத் தட்டுகளைப் பார்த்து ஏறத்தாழ 1,800 பொருள்களைத் தொகுத்து, ஒவ்வொன்றின் கருமைக்கும் 1 முதல் 6 வரை எண் கொடுத்தார். இந்த எண் புகைப்படத் தட்டுக்கானது, கண்ணுக்கானதல்ல. 6 என்று போட்டிருந்தாலும் பின்னணி மங்கலாக இருந்தால் ஒன்றும் தெரியாது. லிண்ட்ஸின் இடக்குறிகள் 1950-ஆம் ஆண்டு வானத்துக்கு உரியவை; பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் இவை ஆண்டுக்காண்டு நகரும். 2000-க்கு மாற்றாமல் தேடினால் முக்கால் பாகைவரை தவறலாம்; ஐந்து கலை (ஒரு பாகையில் 60 கலை) அகலமுள்ள பொருளுக்கு அது வேறு ஊர்.

ஒவ்வொரு பதிவிலும் நேரம், உயரம், வான இருள் அளவு, கறுப்புக்குள் தெரியும் விண்மீன் எண்ணிக்கை, அதே பரப்புக்கு வெளியே தெரியும் எண்ணிக்கை, எந்தப் பக்க விளிம்பு கூர்மை, எது கரைகிறது என்பதெல்லாம் வேண்டும். வான இருள் மீட்டரைப் பால்வீதியை விட்டு விலக்கிப் பிடியுங்கள். அதன் ஒளியே அளவைக் குறைத்துக் காட்டும். படம் வரைய அச்சிட்ட விண்மீன் வரைபடத்தில் 2பி பென்சிலால் கறுப்பை நிரப்புவதே எளிது. புகைப்படத்தை அதன் பிறகுதான் பார்க்க வேண்டும். முன்பே பார்த்துவிட்டால் இல்லாத கிளையையும் கண் போட்டுக்கொடுக்கும். தெரியாமல் போனவற்றையும் அதே விவரங்களோடு எழுதுங்கள். சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, 1769-இல் மேகத்திடம் தோற்ற பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டியின் பெயர்தான் அன்ன (சிக்னஸ்) விண்மீன் கூட்டத்தின் ஒரு கருமுகிலுக்கு, லெ ஜான்டி 3 என்று. நம் பதிவேட்டில் அது இன்னும் 'தெரியவில்லை' வரிசையில்தான் இருக்கிறது: வடக்கே, பெங்களூரு ஒளிக்கு நேர் மேலே.