பரண் காலி: ஸ்பெக்ட்ரம் என்னோடு வந்தது, 486 வரவில்லை

மேற்கு மாம்பலத்தில் எங்கள் பழைய வீட்டைப் போன வருஷம் ஃப்ளாட் கட்டக் கொடுத்துவிட்டோம். கட்டி முடிக்கும்வரை இருக்கப் பிடித்த வாடகை வீட்டில் பரண் கிடையாது. பழைய வீட்டுப் பரணிலோ இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று, அப்பா 1987-ல் வாங்கிய ஸ்பெக்ட்ரம் பிளஸ். இங்கிலாந்தின் சின்க்ளேர் கம்பெனியிடம் உரிமம் வாங்கி டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் இந்தியாவில் விற்ற ரகம். இன்னொன்று, நான் பிளஸ் டூ முடித்ததும் 1995-ல் வீட்டுக்கு வந்த 486, அதாவது 486 பிராசசர் போட்ட பிசி. "ரெண்டுல ஒண்ணு வரட்டும். ரெண்டும் வந்தா நான் வரல" என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

அலுவலகத்தில் ஒரு நண்பர் மூன்றாவது வழி சொன்னார்: இரண்டையும் தலைமுழுகிவிட்டு லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கும் மென்பொருள்) போட்டுக்கொள். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது சீக்கிரம் முடிந்துவிடும்.

ஸ்பெக்ட்ரத்துக்கு ஃபியூஸ்; 486-ல் ஓடிய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டம்) ஆட்டங்களுக்கு டாஸ்பாக்ஸ். இரண்டும் இலவசம், இரண்டும் அருமையாக ஓடும். நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமித்து, மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். 1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், எமுலேட்டர்களோடு ஸ்பெக்ட்ரத்தின் ரோமை (சிப்பில் நிரந்தரமாகப் பதிந்த மென்பொருளை) சேர்த்துக் கொடுக்கப் பின்னாளில் அனுமதியும் தந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் மேனிக் மைனர் ஆட வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நானும் பாதி நாள் அப்படித்தான் ஆடுகிறேன்.

ஆனால் பரணில் இருந்த பெட்டி விஷயம் வேறு. அதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: கெட்டுப்போனால் இந்த ஊரில் யார் சரி செய்வார், எதை வைத்துச் சரி செய்வார்? முப்பது, நாற்பது வருஷத்துப் பொருள் கெட்டுத்தான் போகும். அதுவும் சென்னையில், கடல் காற்றும் மே மாத வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நியாயமாகப் பார்த்தால் 486 தான் ஜெயித்திருக்க வேண்டும். என் ஆட்டங்கள் அதில்தான் இருந்தன. டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, அப்புறம் உல்ஃபென்ஸ்டைன், டூம். டாஸ் திரையில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று அடித்துவிட்டு உள்ளே போய் ஷிஃப்ட்டும் எல்லும் அமுக்கினால் அடுத்த லெவல். இந்த ரகசியத்தை டி. நகரில் கம்ப்யூட்டர் கிளாஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தார். பிராசசர் வேகத்தையே கடிகாரமாக வைத்து எழுதிய பழைய ஆட்டங்கள் 486-ல் தலைதெறிக்க ஓடும். அவற்றை அடக்கத்தான் முன்னால் டர்போ பட்டன்.

இதெல்லாம் சரி. பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கால மதர்போர்டுகளில் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் நீல உறை போட்ட சின்னப் பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும், 3.6 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது தேதியையும் ஹார்ட் டிஸ்க் விவரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். நாள்பட்டால் அது கசியும். கசிவது காரம், அது செம்பைத் தின்னும். என்னுடையதில் பேட்டரியைச் சுற்றி நாலு விரல்கடை அகலத்துக்குப் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. வினிகர் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பச்சை போயிற்று, கூடவே போர்டில் மின்சாரம் ஓடும் சில செம்புத் தடங்களும் போயின.

கோடம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபது தாண்டியவர், கலர் டிவி காலத்திலிருந்து சாலிடரிங் அயர்னைக் கீழே வைக்காதவர். போர்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மேல தெரியுற ட்ராக்குன்னா ஒயர் போட்டு இழுத்துடலாம் சார். இது நாலு லேயர். உள்ள எங்க அறுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? இந்த ஐசிய பாருங்க, முடி மாதிரி எத்தனை கால். சர்க்யூட் டயக்ராம் இருக்கா?" இல்லை. எந்தக் கம்பெனி போர்டு என்றே தெரியாது. அதில் பெயரே இல்லை. பல இடங்களிலிருந்து வந்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய அசெம்பிள்டு பெட்டிதானே.

அதே மேஜையில் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து வைத்தேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இது டிவி போர்டு மாதிரிதான் சார் இருக்கு!"

உண்மைதான். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்த ரப்பர் கீ ஸ்பெக்ட்ரத்தில் இருக்கும் அதே போர்டு வகைதான், இரண்டு வருஷம் கழித்து வந்த பிளஸ் மாடலிலும். மாறியது உறையும் கீபோர்டும், இடது பக்கம் வந்த ரீசெட் பட்டனும்தான். இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் தடங்கள், துளையில் கால் நுழைத்துப் பற்றவைத்த பாகங்கள். 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 பிராசசர், 16 கேபி ரோம் ஒன்று, நினைவகத்துக்குப் பதினாறு சிப், கொஞ்சம் லாஜிக் ஐசி, யுஎல்ஏ என்ற ஒரு விசேஷ சிப். முழு சர்வீஸ் மேனுவலும் இணையத்தில் கிடக்கிறது. அச்செடுத்துக் கொடுத்தேன். பஞ்சாங்கம் பார்ப்பது போல விரல் வைத்துப் படித்தார்.

அவரிடம் போவதற்கு முன் ஒரு கூத்து நடந்தது. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே தப்பை நீங்களும் செய்வீர்கள். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் அடாப்டர். அதைச் சொருகும் முனையில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இப்போது கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். முதலில் நான் கொண்டுபோன ஒரு ரிப்பேர் கடையில் "டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்று கைக்கு வந்த அடாப்டரைச் சொருகிவிட்டார்கள். ஒரு சின்ன 'டிக்' சத்தம். திரையில் '© 1982 சின்க்ளேர் ரிசர்ச்' என்று வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக நின்றது.

கோடம்பாக்கத்துக்காரர் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நினைவகத்தின் முதல் 16 கேபிக்கு 4116 என்ற சிப் எட்டு. இவற்றுக்கு 5 வோல்ட் மட்டும் போதாது, 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். உள்ளே வரும் ஒன்பது வோல்ட்டிலிருந்து இவற்றை உண்டாக்கும் சுற்றில் டிஆர்4 என்று ஒரு டிரான்சிஸ்டர். கரன்டில் கோளாறு என்றால் முதலில் சாவது அதுதான். மல்டிமீட்டரை வைத்தார், 12 வோல்ட் இல்லை. டிரான்சிஸ்டரை மாற்றினார். பிறகு ஆன் செய்துவிட்டு, எட்டுச் சிப்புகள் மேலும் ஆள்காட்டி விரலை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். ஐந்தாவதில் வெடுக்கென்று எடுத்தார். சூடு. அதைக் கழற்றி, இன்னொரு பழைய போர்டிலிருந்து எடுத்த சிப்பைப் போட்டதும் திரை தெளிந்தது. மொத்தம் இரண்டு சாயங்காலம்.

மற்றதெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலேயே முடிந்தது. வோல்ட்டைச் சீராக வைக்கும் 7805 ரெகுலேட்டர், கெப்பாசிட்டர்கள், ஐசி சாக்கெட்டுகள். ஒரே ஒரு சிக்கல்: போர்டில் இருக்கும் பழைய கெப்பாசிட்டர்கள் படுத்த வகை, இரண்டு முனையிலும் கம்பி. கடைகளில் கிடைத்ததோ நிற்கும் வகை. நரசிங்கபுரம் தெரு வரை கேட்டுப் பார்த்துவிட்டு நிற்கும் வகையையே வாங்கி, ஒரு காலை நீட்டி மடக்கிப் படுக்க வைத்தோம். பார்க்க லட்சணமாக இல்லை, வேலை செய்கிறது.

மேல் 32 கேபி நினைவகத்தில் ஒரு வேடிக்கை. செலவை மிச்சம் பிடிக்க, பாதி பழுதான 64 கிலோபிட் சிப்புகளை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது போனால் முழுசான 4164 சிப்புகளைப் போட்டு ஒரு இணைப்பை மாற்றினால் போதும். பாதி கெட்ட பொருளாலேயே ஓடிய மெஷின் இது. எதையும் தாங்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தாங்காதவையும் உண்டு. கீபோர்டுக்கு அடியில் இருக்கும் மெம்பரேன் என்ற பிளாஸ்டிக் தாள் அதில் முதல். காய்ந்து முறுகிப்போயிருக்கும், உறையைத் திறக்கும்போதே அதன் வால் ஒடியும். கீகள் ஐந்து ஐந்தாக ஒரே தடத்தில் கோத்திருப்பதால், ஒரு தடம் போனால் ஐந்தும் போகும். எனக்குப் போனது எச், ஜே, கே, எல், என்டர். ஸ்பெக்ட்ரம் ஆடியவர்களுக்குப் புரியும்: ஜே-தான் லோட் கட்டளை. லோட் அடிக்க முடியாது, என்டரும் தட்ட முடியாது, கம்ப்யூட்டர் மட்டும் நன்றாக இருக்கிறது! புது மெம்பரேன் ரிச்சி தெருவில் கிடைக்காது. வெளிநாட்டில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். லண்டனிலிருந்து பொங்கலுக்கு வந்த அத்தை பையன் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தான்.

இரண்டாவது யுஎல்ஏ. இந்த மெஷினுக்கென்றே செய்த சிப், அது போனால் கதை வேறு. இப்போது மாற்றுச் சிப்புகள் செய்கிறார்கள் என்றாலும் நான் வாங்கிப் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. இசட்80-யின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். 1976 முதல் வந்துகொண்டிருந்த அந்தச் சிப்பைத் தனிச் சிப்பாகச் செய்வதை நிறுத்துவதாக, அதைத் தயாரிக்கும் சைலாக் 2024-ல் அறிவித்தது. கேள்விப்பட்டதும் மெக்கானிக் இரண்டு வாங்கி டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். எனக்கு ஒன்று, "ஒண்ணு இருக்கட்டும்" என்று அவருக்கு ஒன்று.

ஆட்டங்களை ஒலியாகப் பதிந்து வைத்த கேசட்டுகள் மூன்றாவது. ஈரக்காற்றில் டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. ஜெட் செட் வில்லி இருந்த கேசட்டில் பாதிக்கு மேல் அம்மா பக்திப் பாட்டுப் பதிந்திருந்தார். இப்போது கேசட்டுக்குப் பதில் ஃபோன். ஆட்டத்தின் ஒலிக் கோப்பை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரத்தின் 'இயர்' சாக்கெட்டுக்கு ஒரு ஒயர். இதற்காகவே ஹெட்ஃபோன் துளை உள்ள பழைய ஃபோன் ஒன்றை வைத்திருக்கிறேன். டிவிக்கு மாடுலேட்டரை (படத்தை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் பெட்டியை) தாண்டி நேராக வீடியோ சிக்னல் எடுக்கும்படி செய்தாயிற்று, மஞ்சள் பின் உள்ள எந்த டிவியிலும் ஓடும். சின்ன வயசில் சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவியில்தான் ஆடினேன். லோட் ஆகும்போது ஓரத்தில் ஓடும் கோடுகள் முதலில் சிவப்பும் வெளிர்நீலமும், அப்புறம் நீலமும் மஞ்சளும் என்பது நாற்பது வயசுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

இதைத்தான் எமுலேட்டரால் தர முடியவில்லை. 486-ன் அனுபவத்தை லேப்டாப் கிட்டத்தட்ட அப்படியே தந்துவிடுகிறது. அதே கீபோர்டு, அதே எஸ்கேப் பட்டன், வேகம் மட்டும் கட்டுக்குள். ஸ்பெக்ட்ரத்திலோ ஒவ்வொரு கீயும் ஒரு முழுக் கட்டளை, நாலைந்து நிமிஷம் கீச்சென்று கத்தும் ஒலி, கடைசி நொடியில் 'டேப் லோடிங் எரர்'. லேப்டாப் கீபோர்டில் பி தட்டினால் 'பிரின்ட்' என்று வருவது சும்மா குழப்பம்.

2024 நவம்பரில் ஸ்பெக்ட்ரத்தைப் புதிதாகவே செய்து வெளியிட்டார்கள். ரப்பர் கீ, எச்டிஎம்ஐ, உள்ளேயே 48 ஆட்டங்கள். அத்தை பையனிடம் ஒன்று இருக்கிறது, அரை மணி நேரம் தொட்டுப் பார்த்தேன். கீ நன்றாக அமுங்குகிறது, படம் பளிச்சென்று இருக்கிறது. பழையது இல்லாதவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். உள்ளே கெட்டுப்போனால் கோடம்பாக்கத்துக்காரர் என்ன செய்வார் என்று மட்டும் தெரியவில்லை. காமடோர் 64, அமிகா போன்ற அந்தக் காலத்து மற்றக் கம்ப்யூட்டர்கள் பக்கம் நான் போனதே இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: சரி செய்த பிறகு என் ஸ்பெக்ட்ரம் ஒரு மழைக்காலத்தைத்தான் பார்த்திருக்கிறது. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட விடுகிறேன், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் பகலில் தொடுவதில்லை. ரெகுலேட்டரும் யுஎல்ஏவும் அப்படிக் கொதிக்கும். இது போதுமா என்பது இன்னும் நாலைந்து மழைக்காலம் போனால்தான் தெரியும்.

486-ஐ பழைய பேப்பர்காரர் தராசில் தூக்கி வைத்தார். மானிட்டரை வேண்டாம் என்றார், கேபினட்டுக்கு மட்டும் இரும்பு விலை. சவுண்ட் கார்டை அலுவலக நண்பர் எடுத்துக்கொண்டார். டர்போ பட்டனை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து என் மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன்.