வெள்ளை ஈ பாக்குற கிளிப் லென்ஸ் செட்: லென்ஸ் ஓகே, ஆப் வேஸ்ட்

மொபைல் கேமரால மாட்டுற மேக்ரோ லென்ஸ், கூடவே போட்டோ போட்டா பூச்சி பேர் சொல்ற ஆப், ரெண்டையும் ஒரே செட்டா விக்கிறாங்க. லென்ஸுக்கு தாராளமா 4 ஸ்டார் குடுக்கலாம், ஆப்புக்கு 1 குடுக்குறதே அதிகம்.

தக்காளி, பருத்தில சாறு உறிஞ்சுற வெள்ளை ஈ எல்லாம் ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர்தான், வெறுங்கண்ணுக்கு வெள்ளைப்பொடி பறக்குற மாதிரி தெரியும், அவ்ளோதான். லென்ஸ் மாட்டி இலைய மெதுவா திருப்பிப் பாத்தா, ரக்கைய சரிவா மடிச்சு நடுவுல மஞ்சள் உடம்பு தெரியுற மாதிரி உக்காந்திருந்தா பெமிசியா டபாசிங்கிற வெள்ளை ஈ, அகலமா படிஞ்சு முக்கோணமா இருந்தா கிரீன்ஹவுஸ் வெள்ளை ஈ. ஆனா பறக்குறத மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க, இலைக்கு அடியில நகராம ஒட்டிக்கிட்டு இருக்குற கடைசி பருவத்து குஞ்சுலதான் மேட்டரே இருக்கு. கிரீன்ஹவுஸ் ஈயோடது கேக் வெட்டி வச்ச மாதிரி செங்குத்தா எழும்பி நிக்கும், சுத்தி மெழுகு இழை ஓடும், பெமிசியாவோடது மஞ்சளா தட்டையா ஓரத்துல அப்படியே இலையோட சரிஞ்சு போயிடும். லைட்ட மேல இருந்து அடிச்சா இதெல்லாம் தெரியாது, பக்கவாட்டுல இருந்து டார்ச் அடிங்க, அந்த செங்குத்தான ஓரத்தோட நிழல் விழுறது லென்ஸ்ல அவ்ளோ க்ளியரா தெரியுது. மஞ்சள் ஒட்டு அட்டைல மாட்டுனத வச்சு பாக்காதீங்க, பசைல ரக்கை கோணிப் போயிருக்கும்.

இப்ப ஆப்புக்கு வருவோம். தென்னை ஓலைல வெள்ளையா சுருள் சுருளா முட்டை வச்சிருந்த போட்டோவுக்கு மாவுப்பூச்சின்னு சொல்லுது!! சுருள் வெள்ளை ஈன்னு ஒரு குரூப்பே இருக்குறது அதுக்கு தெரியாது போல. பெமிசியா குஞ்சு முடி உள்ள இலைல வளந்தா உருவம் கோணலாகும், முதுகுல முடி வரும், வழவழ இலைல அது இருக்காது, ஆப் இத ரெண்டையும் ரெண்டு இனமா பிரிச்சு சொல்லுது. இதவிட கொடுமை, போட்டோவ பாத்தே பெமிசியாவுக்குள்ள இருக்குற இனத்த கூட இது மெட் (MED), இது மீயாம் 1 (MEAM1)னு பச்சை டிக் வேற போட்டுத் தருது. பெமிசியா டபாசிங்கிறதே ஒரே மாதிரி தெரியுற பல இனங்களோட கூட்டம்ங்க, மைக்ராஸ்கோப் வச்சாலும் அத பிரிக்க முடியாது, லேப்ல மைட்டோகாண்ட்ரியா ஜீன பாத்துதான் சொல்லணும். பேர் என்னவா இருந்தா என்னன்னு விடவும் முடியாது, மெட் இனம் நிறைய இடத்துல பைரிப்ராக்ஸிஃபென் மாதிரி மருந்துக்கே அசையாது, தப்பான பேர நம்பி அடிச்சா மருந்து காசு தண்டம். தக்காளி இலைச்சுருட்டு வைரஸ பரப்புறதும் பெமிசியாதான், கிரீன்ஹவுஸ் ஈ இல்ல. அதே மாதிரி வெள்ளை ஈய அழிக்கிற என்கார்சியா ஃபார்மோசா குளவி வாங்கி விடப் போறீங்கன்னா அது கிரீன்ஹவுஸ் ஈ மேலதான் நல்லா வேலை செய்யும், பெமிசியான்னா எரெட்மோசெரஸ் குளவி பாருங்க. பெமிசியாவா, கிரீன்ஹவுஸ் ஈயான்னு பிரிச்சுப் பாக்க உங்க கண்ணும் இந்த லென்ஸும் போதும், ஆப் எதுக்குன்னே தெரியல.

கஸ்டமர் கேர்ல கேட்டா "அப்டேட்ல சரியாகும்"னு ஒரே பதில். லென்ஸ் தனியா கிடைச்சா அத மட்டும் வாங்குங்க. கிளிப் ரப்பர் கொஞ்சம் லூஸ்தான், பேக் கவர கழட்டிட்டு மாட்டுங்க.