பழைய ரவுட்டரா, ஈவ்-என்ஜியா? கரண்ட் பில் சொன்ன பதில்

சிஸ்கோ நிறுவனத்தின் உயர்நிலை நெட்வொர்க் சான்றிதழான சிசிஐஇ எண்டர்பிரைஸின் லேப் தேர்வு மொத்தம் 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் டிசைன் பகுதி, அதை முடித்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. மீதி 5 மணி நேரமும் கீபோர்டில் கை வைத்துச் செய்கிற வேலை. அதற்குப் பழக நிஜ ரவுட்டர் வாங்குவதா, கம்ப்யூட்டருக்குள்ளேயே ரவுட்டர்களை ஓட்டும் ஈவ்-என்ஜி என்ற மென்பொருளைப் போடுவதா என்பதுதான் கேள்வி. லேபுக்கு முந்தைய தேர்வான என்கோர் 350-401 பாஸ் ஆன கையோடு நான் செய்த முதல் காரியம், பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் செகண்ட் ஹேண்ட் சரக்கு வாங்கியது. 2811 ரவுட்டர் மூன்று, 3560 ஸ்விட்ச் இரண்டு. ரயிலில் கொண்டுவந்து கொழிஞ்சாம்பாறை வீட்டில் சேர்ப்பதற்குள் தோள்பட்டை போய்விட்டது.

நிஜ ரவுட்டரின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேபிள் பிடுங்கலாம், கன்சோல் ஒயர் மாட்டலாம், ஸ்விட்சின் மோட் பட்டனை அழுத்திப் பிடித்து பாஸ்வேர்டை மீட்கலாம். கை பழகும், பயம் போகும். குறையும் தெரிந்ததே: 2811-இல் சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.1-ஐத் தாண்டி ஏற்ற முடியாது. புரோகிராம் எழுதி ரவுட்டரை இயக்கும் நெட்கான்ஃப், ரெஸ்ட்கான்ஃப் பழக வேண்டுமானால் அதன் புதிய வடிவமான ஐஓஎஸ் எக்ஸ்இ வேண்டும், அது இந்தப் பெட்டியில் ஏறாது. சத்தம் வேறு. "வீட்டுக்குள்ள அரிசி மில்லு வெச்சிருக்கியாடா?" என்று அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

ஆனால் என்னை மாற்றியது சத்தமில்லை, மீட்டர்.

கேரளாவில் வீட்டு மின் கட்டணம் மாதம் 250 யூனிட் வரை அடுக்கடுக்காகக் கணக்காகும். முதல் அடுக்குக்குக் குறைந்த விலை, அடுத்ததற்குக் கொஞ்சம் கூட. 250-ஐத் தாண்டினால் அந்த அடுக்குச் சலுகை மொத்தமும் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நமக்கு எல்லைக்கோடு 500. எங்கள் வீடு கோடையில் தானாகவே 460 யூனிட் தொடும். பாலக்காட்டு வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

பிளக்கில் செருகும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐந்து பெட்டியும் சேர்ந்து 220 வாட். தினம் 5 மணி நேரம் என்றால் 1.1 யூனிட், இரண்டு மாதத்துக்கு 66. ஆக 526. இருபத்தாறு யூனிட் கூடியதற்கு வீட்டின் மொத்தப் பில்லும் மேல் விலைக்கு ஏறியது. அப்பா பில்லை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் பொள்ளாச்சியில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு இந்தக் கதை புரியவில்லை. அங்கே முதல் 100 யூனிட் இலவசம், கணக்கே வேறு. அவர் இன்னும் பெட்டிகளை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, ஈவ்-என்ஜிக்கு வருவோம். 64 ஜிபி ரேம் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஏற்றினேன். அது இழுப்பது சுமார் 70 வாட், இரண்டு மாதத்துக்கு 21 யூனிட். 481-இல் நின்றது. அதே பெட்டிக்குள் பத்து ரவுட்டர் ஓடுகிறது. ஐஓஎஸ்வி என்ற மென்பொருள் ரவுட்டர் அரை ஜிபி ரேமில் முடித்துக்கொள்ளும், ஐஓஎஸ் எக்ஸ்இ ஓடும் சிஎஸ்ஆர் ஒவ்வொன்றும் 4 ஜிபி கேட்கும், அதைப் பார்த்துத்தான் டோபாலஜி, அதாவது எது எதோடு இணைகிறது என்ற வரைபடம், போட வேண்டும். எனக்குப் பெரிய லாபம், லேபை அழித்து மறுபடி தொடங்குவது. பெட்டிகளில் ஒவ்வொன்றாக கன்ஃபிகை அழித்து, ஸ்விட்சில் விலேன் ஃபைலையும் மறக்காமல் அழித்து, ரீலோட் முடியும்வரை டீ குடித்துக் காத்திருக்க வேண்டும். இங்கே வைப், ஸ்டார்ட், அவ்வளவுதான். கிளை அலுவலகங்களை இணைக்கும் டிஎம்விபிஎன் லேப் ஒன்றையே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான்கு தடவை கட்டினேன். பெட்டிகளில் ஒரு தடவைக்கு மேல் பொறுமை இருந்ததில்லை.

ஒரு இடத்தில் ஈவ்-என்ஜி ஏமாற்றும். நான் வைத்திருக்கும் கம்யூனிட்டி பதிப்பில் ஒரு ரவுட்டரின் இன்டர்ஃபேஸை ஷட் செய்தால், எதிர்முனை இன்னும் அப் என்றே காட்டும். ரவுட்டர்கள் பாதைத் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் உறவு அங்கே அறுந்துபோக டெட் டைமரின் 40 விநாடி முடிய வேண்டும். நிஜக் கேபிளைப் பிடுங்கினால் அந்த நொடியே அறுந்துவிடும். கோளாறு தேடிப் பழகும்போது இது தெரியாமல் ஒரு முழு மாலையை வீணடித்தேன்.

இன்னொரு சிக்கல், ஈவ்-என்ஜி இலவசம் என்றாலும் சிஸ்கோ இமேஜ், அதாவது உள்ளே ஓட வேண்டிய ரவுட்டர் மென்பொருள், அதோடு வராது. இமேஜோடு சேர்த்து நேர்வழியில் வேண்டும் என்றால் சிஸ்கோவே தரும் சிஎம்எல் இருக்கிறது. இலவசப் பதிப்பில் 5 நோடு (ரவுட்டர், ஸ்விட்ச் போன்றவை), பர்சனலில் 20. இலவசத்தைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்ததோடு சரி, பல ரவுட்டர் கேட்கும் எம்பிஎல்எஸ் லேப் 5 நோடில் அடங்காது. நெட் வழியே வாடகைக்குக் கிடைக்கும் ரேக் இரண்டே முறை எடுத்தேன், மென்பொருளால் கட்டுப்படுத்தும் எஸ்டி-வான் நெட்வொர்க்கைப் பார்ப்பதற்காக. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரண்டு முறையும் நம்மூர் இடி மழையில் நெட் போய், நேரம் மட்டும் ஓடியது.

பெட்டிகளை விற்கப் பார்த்தேன். கோவையில் ஒரு கடைக்காரர் தராசை எடுத்து வைத்தார். ஒரு 3560-ஐ மட்டும் பாஸ்வேர்டு மீட்கப் பழக வைத்துக்கொண்டு, மற்றதை எடைக்குப் போட்டுவிட்டு வாளையார் வழியே பஸ் ஏறினேன்.