மெட்டல் ஆல்பம் மாஸ்டரிங் என்று 185,000 ரூபாவை விழுங்கிவிட்டார்கள், கவனம்

பாட்டு ரெக்கோர்ட் செய்து மிக்சிங் (எல்லா வாத்தியத்தையும் குரலையும் சமப்படுத்திச் சேர்க்கிறது), மாஸ்டரிங் (அதுக்குப் பிறகு கடைசி மெருகு) வேலைக்கு வெளியில் கொடுக்கிற எல்லாரும், முக்கியமாக ஹெவி மெட்டல் ரொக் வாசிக்கிற பெடியள், இதை முழுக்க வாசியுங்கோ. எதையெதைப் பார்த்துக் காசு கட்ட வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்தது.

திருகோணமலையில் இருந்துகொண்டு மெட்டல் ஆல்பம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. உவர்மலையில் நண்பன் வீட்டு மேல்மாடி அறையில், ரோட்டுச் சத்தம் அடங்கின பிறகு இரவிரவாக எடுத்தோம். ரிதம் கிட்டாரை ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு தரம் தனித்தனியாக வாசித்தோம், இடப்பக்கத்துக்கு ரெண்டு, வலப்பக்கத்துக்கு ரெண்டு. ஒரே ஆள் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டை) வாசித்தாலும் முதல் தரம் விழுந்த மாதிரி அடுத்த தரம் கை விழாது. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் மெட்டல் கிட்டார் ரெண்டு பக்கமும் விரிந்து கேட்கும். விரல் வெடிக்க வெடிக்க அதைச் செய்தோம். காசு, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் சீசனுக்கு வாசித்துச் சேர்த்தது. அதுதான் அந்த 185,000 ரூபா.

பெயர் போடவில்லை. மெட்டலுக்கென்றே இருக்கிறோம் என்று விளம்பரம் செய்கிற ஒரு ஆன்லைன் மிக்சிங் சேவை. எங்கட நாட்டு ஆள்தான், தமிழிலேயே கதைத்தார்.

ஏன் நம்பினோம் என்றால் அந்த மனுசனுக்கு விசயம் தெரிந்திருந்தது. மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் பாண்டின் 1988 ஆல்பம், அண்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஆல், அதில் பேஸ் கிட்டார் கேட்காமல் போன கதையை அவராகவே எடுத்தார். அவர்களின் பழைய பேஸ் வாசிப்பாளர் கிளிஃப் பேர்ட்டன் 1986இல் பஸ் விபத்தில் இறந்த பிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் முதல் முழு ஆல்பம் அது. ஜேசன் வாசித்ததை மிக்ஸில் இறக்கிவிட்டார்கள், இறக்கச் சொன்னது டிரம்மர்தான் என்று மிக்ஸ் செய்தவரே பிறகு பேட்டியில் சொன்னார். "தம்பி, உங்கட பேஸ் பெடியனுக்கு அந்த நிலைமை வராது, அது என்ட பொறுப்பு" என்றார். பக்கத்தில் இருந்த எங்கட பேஸ் வாசிக்கிற மச்சானின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டொக்ஹோம் சன்லைட் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் தோமஸ் ஸ்கொக்ஸ்பேர்க், 1990இல் வந்த என்டூம்ட் என்ற சுவீடன் பாண்டின் ஆல்பத்துக்கு எடுத்த அந்த ரம்பம் போட்ட கிட்டார் சத்தம், பாஸ் எச்எம்-2 என்ற கிட்டார் சத்தத்தை உடைக்கிற பெடலின் குமிழ்களை எல்லாம் உச்சத்தில் திருகி எடுத்தது, அதைப் பற்றியும் நல்லா கதைத்தார். எங்கட முதல் பாட்டில் ஒரு நிமிடத்தை மட்டும் மிக்ஸ் செய்து அனுப்பினார். அருமை. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நிமிடம் உண்மையிலேயே அருமை. பேஸ் கேட்டது, கிட்டார் விரிந்து நின்றது, டிரம்ஸ் மூச்சு விட்டது.

"டேட் ஒதுக்கோணும் தம்பி, முழுக்காசும் போட்டுவிடுங்கோ." போட்டோம். 185,000 ரூபா. சிலிப் இன்னும் என்னிடம் இருக்கு.

பாட்டுகள் வந்த அன்று பின்னேரம் டச் பே கடற்கரையில் பெடியள் எல்லாரும் கூடி, சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் போட்டோம். மூன்றாம் பாட்டு தொடங்கும்போது கிட்டார் மட்டும்தான் இருக்கு. ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. சார்ஜ் இறங்கிவிட்டது என்று நினைத்தோம். டிரம்ஸ் வந்ததும் டிரம்ஸ் கேட்குது, குரல் கேட்குது, கிட்டார் இல்லை!

வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தால்தான் வேலை தெரிந்தது. நாங்கள் வாசித்த நாலு கிட்டாரில் ஒன்றை மட்டும் வைத்து, அதையே கொப்பி எடுத்து, அலையைத் தலைகீழாகப் புரட்டி மற்றப் பக்கம் போட்டிருக்கிறார். ஹெட்போனில் கேட்டால் அகலமாக இருக்கிற மாதிரி ஏமாற்றும். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்கிற மோனோ ஸ்பீக்கரில் ஒன்றை ஒன்று அழித்துச் சூனியமாகிவிடும். எங்கட மற்ற மூன்று கிட்டாரும் குப்பைக்கு. ரெண்டு காலாலும் அடிக்கிற பெரிய டிரம் (டபுள் பேஸ்) அடி எல்லாத்துக்கும் முன்னமே பதிந்த ஒரே சத்தத் துண்டு, ஒரே பலம், தட்டச்சு மெஷின் அடிக்கிற மாதிரி. பேஸ் கிட்டார்? ஜஸ்டிஸ் ஆல்பத்தை விட மோசம்.

அதுக்கு மேல் மாஸ்டரிங் என்ற பெயரில் லிமிட்டரை (சத்தத்தின் உச்சங்களை வெட்டி மொத்தத்தையும் கூட்டுகிற கருவி) வைத்து நசுக்கியிருக்கிறார். மீட்டரில் மைனஸ் 5 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்த அளவு, பூச்சியத்துக்குக் கிட்ட வர வரச் சத்தம் கூட) காட்டுது. ஸ்பொடிபை வழமையாக மைனஸ் 14க்குத்தான் கொண்டுவரும். அதாவது 9 டெசிபல் அவர்களே இறக்கிவிடுவார்கள். சத்தம் கூடினதாக ஒரு லாபமும் இல்லை, ஸ்னேர் டிரம்மின் அடி செத்தது மட்டும்தான் மிச்சம்.

கேட்டோம். முதலில் "உங்கட ஹெட்போன் சரியில்ல." பிறகு "ரெக்கோர்டிங்கே சரியில்ல தம்பி, நான் என்ன செய்ய?" அப்படியென்றால் அந்த ஒரு நிமிடம் எப்படி வந்தது, அதுவும் அதே ரெக்கோர்டிங்தானே? அதற்குப் பதில் இல்லை. "மெட்டல் எண்டா சத்தம்தான், டெத் மக்னெட்டிக் கேட்கேல்லயா?" என்றார். கேட்டோம் ஐயா, அதனால்தான் கதைக்கிறோம். 2008இல் மெட்டாலிகாவின் அந்த ஆல்பம் வந்தபோது சத்தம் உடையுது என்று ரசிகர்கள் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள். கிட்டார் ஹீரோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் நசுக்காமல் தெளிவாகக் கேட்டதால்தான் விசயம் பிடிபட்டது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனே, தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் இருந்தது என்று எழுதினார். மிக்ஸில் செத்ததை மாஸ்டரிங்கில் எழுப்ப ஏலாது. இது தெரிந்த ஆள்தான் எங்களுக்கு இதைச் செய்தார், அதுதான் வயிறு எரியுது.

பிறகு "திருத்தம் எண்டா பாட்டுக்கு 12,000 தனிய." லிமிட்டர் இல்லாத மிக்ஸையாவது தாங்கோ என்றால் "அது எங்கட சொத்து." காசைத் திருப்பிக் கேட்டதும் வட்ஸ்அப்பில் புளொக். வேறு நம்பரில் எடுத்தால் ஒரு பொம்பிளைப் பிள்ளை "சேர் மீட்டிங்ல" என்று வைத்துவிடுவா. எங்கட 185,000 ரூபா போனது போனதுதான். இப்ப அவரின் இணையப் பக்கத்தில் விளம்பரத்துக்கு ஓடுவது எங்கட பாட்டின் அதே ஒரு நிமிடம்!

விவரமாக எழுத நினைத்தேன், இப்ப மனம் ஓடவில்லை. முழுக்காசும் முதலே கேட்டால் விட்டுவிடுங்கோ. ஒரு நிமிடம் காணாது, ஒரு முழுப் பாட்டை வாங்கி மோனோ ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கோ. லிமிட்டர் இல்லாத மிக்ஸ் தருவதாக எழுத்தில் வாங்குங்கோ. மூல ட்ராக் எல்லாம் ரெண்டு இடத்தில் வைத்திருங்கோ, எங்களுக்கு மிஞ்சினது அது மட்டும்தான்.

அந்த விளம்பரத்தைக் கேட்டுவிட்டுக் காசு அனுப்ப நிற்கிற ஆக்கள் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ. மிச்சப் பாட்டு எல்லாத்தையும் அனுப்புகிறேன், கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ.